முப்பத்து மூன்று அடிக்கு மேலே

அந்தத் தென்னை மரத்தைச் சிட்டிபாபு முதன்முதலாக நிதானமாகப் பார்த்தது ஒரு கிணற்றுக்குள் இருந்துதான்.

எண்பத்தேழாம் வருஷம், மே மாதம். முந்தின வருஷத்து மழை ஏமாற்றியிருந்தது. கிழக்குத் தாம்பரம் முழுக்கக் கிணறுகள் தரை தட்டிக்கொண்டிருந்தன. மேலே சிமெண்டு மேடையில் உட்கார்ந்திருந்த மோட்டார்கள் நாளெல்லாம் இரைந்தும் ஒரு சொட்டு எடுக்கவில்லை. வீட்டுக்கு வீடு அவற்றைக் கழற்றி, கிணற்றின் உட்சுவரில் பத்துப் பன்னிரண்டு அடி ஆழத்தில் இரும்புச் சட்டம் பதித்து, அதன்மேல் இறக்கி வைக்க வேண்டியிருந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்க அஞ்சாத மெக்கானிக் அந்தப் பக்கத்தில் சிட்டிபாபு ஒருவன்தான். அந்தக் கோடையில் அவன் தரைமேல் இருந்த நேரத்தைவிடக் கிணற்றுக்குள் இருந்த நேரம்தான் அதிகம்.

அன்றைக்கு இறங்கியது பாட்டனி லெக்சரர் அபிதகுஜாம்பாள் வீட்டுக் கிணற்றில். சட்டத்தின்மேல் உட்கார்ந்து கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, வியர்வையைத் துடைக்கத் தலையை நிமிர்த்தினான். மேலே வட்டமாக வானம். அந்த வட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு தென்னையின் தலை. ஊரே காய்ந்து கிடக்கும்போது அதன் ஓலைகள் மட்டும் பச்சைப் பசேலென்று ஆடிக்கொண்டிருந்தன.

சிட்டிபாபுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதுவரை நூறு தென்னைகளுக்குப் பக்கத்தில் வேலை செய்தவன், ஒருநாளும் அவனுக்கு அது தோன்றியதில்லை. மோட்டார் மேலே இருந்து உறிஞ்சினால் தண்ணீர் இருபத்தைந்து அடி ஏறும். மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் சரி, முப்பத்து மூன்று அடியைத் தாண்டவே தாண்டாது. கீழே இருந்து தள்ளினால்தான் உயரத்துக்குப் போகும். இந்த மரமோ அறுபதடி. இதன் அடியில் உட்கார்ந்து தள்ளுவது யார்?

மேலே வந்ததும் அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுவிட்டான்.

அவளுக்கு வயது முப்பத்தேழு. பன்னிரண்டு வருஷமாகப் பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. இலைகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கிறது, போன இடத்தை நிரப்ப அடுத்த தண்ணீர் மேலே இழுக்கப்படுகிறது, இப்படியே வேர்வரை ஒரே தொடர்ச்சி என்று வகுப்பில் சொல்வது போலவே சொன்னாள். வேரும் கொஞ்சம் தள்ளத்தான் செய்யும், ஆனால் இந்த உயரத்துக்கு அது போதாது என்றாள்.

"அப்ப மேலேர்ந்து இஸ்க்குதுன்றீங்க," என்றான் சிட்டிபாபு. "கயித்த இஸ்க்கலாம் மேடம். தண்ணிய எப்டி இஸ்க்க முடியும்? அறுந்துடாது?"

அபிதகுஜாம்பாள் அண்ணாந்தாள். மரத்தைப் பார்த்தாள். அது தன் வீட்டு மரம் என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தவள் போல இருந்தது அந்தப் பார்வை.

"தெரியலை," என்றாள் கடைசியில். "படிச்சுட்டு வந்து சொல்றேன்."

படித்தவர்கள் தெரியாது என்று சொல்லிச் சிட்டிபாபு கேட்டதில்லை. சைக்கிளில் திரும்பிப் போகும்போது வழி முழுக்க அந்த வார்த்தைதான் காதில் இருந்தது.

அவன் சேலையூர்க்காரன். அப்பா காலத்தில் ஏரிக்குக் கீழே நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்டன. அண்ணன்கள் அரிசி மண்டி, செங்கல் என்று போனார்கள். அவன் மார்க்கெட் அருகில் மோட்டார் சரிபார்க்கும் கடை போட்டான். கல்யாணம் ஆகி இரண்டாம் வருஷமே மனைவி ஜெயக்கொடி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அது நடந்து எட்டு வருஷமாகிறது. அடுத்த வீட்டில் இருக்கும் அக்கா பச்சையம்மா வேளா வேளைக்குச் சோறு போட்டுக்கொண்டும், பெண் பார்த்துக்கொண்டும் இருந்தாள். பெண் பார்க்கும் பேச்சு வந்தால் மட்டும் அவனுக்கு எங்காவது ஒரு மோட்டார் பழுதாகிவிடும்.

பத்து நாள் கழித்து அபிதகுஜாம்பாள் கடைக்கே வந்தாள். கையில் ஒரு நோட்டு. நகரத்து நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதியது. அவன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்து, அவனுக்குப் புரியாத ஒரு வார்த்தைகூட இல்லாமல் தமிழிலேயே எழுதி வந்திருந்ததைப் படித்தாள். தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று கைகோத்துப் பிடித்துக்கொள்கின்றன. நடுவே காற்று புகாதவரை அந்தப் பிடியை அறுப்பது லேசில்லை. கம்பியைப் போல இழுக்கலாம்.

சிட்டிபாபு தலையை ஆட்டினான். ஒப்புக்கொண்டதற்கான ஆட்டல் இல்லை அது.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா நான் கண்ணால பாக்கணும் மேடம். கொத்தனாருங்க லெவல் பாக்கற டியூப் கீது இல்ல, உள்ள தண்ணி தெரியுமே, அதுல தடியா நாப்பத்தஞ்சு அடி வாங்கறேன். ரொப்பி, மேல்வாய அடைச்சிட்டு, ஒசரத்துல ஏத்திப் பாக்கலாம். அறுந்துச்சுன்னா நான் சொன்னது. அறுந்து போவலன்னா நீங்க சொன்னது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனியின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருவரும் நின்றார்கள். காலனிச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீநிவாசராகவனிடம் அவளே போய் அனுமதி வாங்கியிருந்தாள். தொட்டி ஐம்பதடி உயரம். டியூபை ஒரு குமிழி இல்லாமல் நிரப்பவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, டியூபை விரலால் சுண்டிச் சுண்டிக் காற்றை வெளியேற்றினாள். கீழ்வாயை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேல்வாயை அடைத்து, அதைக் கயிற்றில் கட்டி, சிட்டிபாபு இரும்பு ஏணியில் ஏறத் தொடங்கினான்.

இருபது அடி. டியூப் நிறையத் தண்ணீர். இருபத்தைந்து, முப்பது. இன்னும் நிறைந்தே இருந்தது. தொட்டியின் கீழ் வளையத்தில் காலை ஊன்றிக்கொண்டு மேலும் இழுத்தான். திடீரென்று மேல்வாய்க்குக் கீழே தண்ணீர் பொரிய ஆரம்பித்தது. அடுப்பே இல்லாமல் கொதிப்பது போலக் குமிழ்கள் கிளம்பின. பிறகு அவன் எவ்வளவு உயர்த்தினாலும் தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. டியூப் மட்டும் காலியாக மேலே வந்தது. கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த கணக்குப்படி முப்பத்திரண்டரை அடி.

"அறுந்துடுச்சு மேடம்," என்று மேலிருந்து குரல் கொடுத்தான்.

கீழே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாளியைப் பிடித்தபடி, முகத்தில் தண்ணீர் தெறித்திருக்க, தோற்றுப்போன ஆள் எதற்கு இப்படிச் சிரிக்க வேண்டும் என்று அவனுக்குப் புரியவில்லை. ஏணியிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கி வந்ததும் அவள் சொன்னாள். வருஷா வருஷம் இந்தப் பாடத்தை எடுத்திருக்கிறாள், பரீட்சைத் தாளும் திருத்தியிருக்கிறாள், ஆனால் ஒரு மரம் எவ்வளவு பெரிய காரியம் செய்கிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தாளாம். நாம் உறிஞ்சும்போது உண்மையில் எதையும் இழுப்பதில்லை, டியூபிலிருந்து காற்றை எடுத்துவிடுகிறோம், வெளிக்காற்று கீழேயிருந்து தள்ளிவிடுகிறது. அந்தக் காற்றின் பலம் முப்பத்து மூன்று அடியோடு தீர்ந்துபோகிறது. மரம் காற்றின் தயவில் இல்லை.

"பின்ன நம்ப டியூப்புல மட்டும் ஏன் அறுந்துது?"

"இது அகலம். தண்ணிக்குள்ளயும், இதோட சுவர்லயும் கண்ணுக்குத் தெரியாத காத்து ஒட்டிண்டிருக்கும். இழுத்ததும் அது ஊதிப் பெருசாகி, நடுவுல புகுந்து அறுத்துடறது. மரத்துக்குள்ள இருக்கற குழாய் தலைமுடியைவிட மெல்லிசு. அதோட…" அவள் நிறுத்தினாள். சொல்ல வந்ததை முதலில் தானே ஒருமுறை கேட்டுக்கொள்வது போல. "அதுக்குள்ள காத்து எப்பவுமே இருந்ததில்லை. காலியா ஒரு குழாயைக் கட்டிட்டு அப்புறம் தண்ணி ஏத்தறதில்லை மரம். கையகல நாத்தா இருக்கும்போதே அதுல தண்ணி இருக்கு. அந்தத் தண்ணியையும் தூக்கிண்டேதான் வளர்றது."

சிட்டிபாபு டியூபைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டான்.

மோட்டார் தொழிலில் காற்று புகுந்தால் வேலை நின்றது என்று அர்த்தம். மறுபடி குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பிக் கிளப்ப வேண்டும். மரத்தில் காற்று புகுந்தால் யார் ஊற்றுவார்கள் என்று கேட்டான். ஒரு குழாயில் குமிழி புகுந்தால் அந்தக் குழாய் போனதுதான், ஆனால் பக்கச் சுவரில் நுண்ணிய வழிகள் இருக்கின்றன, தண்ணீர் சுற்றிக்கொண்டு அடுத்த குழாய் வழியாகப் போய்விடும் என்றாள். அதிலும் தென்னை ஒரு தனி ரகம். வேப்பமரம் போல வருஷா வருஷம் புதுக் குழாய் போட்டுக்கொண்டு பருக்காது. தண்டில் முதலில் அமைந்த குழாய்களை வைத்துக்கொண்டே ஆயுசு முழுக்க ஓட்டும்.

தொட்டி நிழலில் உட்கார்ந்து அவன் மறுபடி டியூபைச் சுருட்டத் தொடங்கினான். பிறகு, யாரிடமும் சொல்லாததை, கேட்காமலே சொன்னான். ஜெயக்கொடி ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாளாம். கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தானாம். அதற்குப் பிறகு எட்டு வருஷம் எத்தனையோ வீட்டுக்குத் தண்ணீர் வரவழைத்திருக்கிறான், ஒவ்வொரு தடவையும் குழாயில் தண்ணீர் வந்து விழும்போது மனசு ஒரு நிமிஷம் அங்கே போய் வரும்.

அவன் சுருட்டிக்கொண்டிருந்த டியூபின் மறுமுனையை அபிதகுஜாம்பாள் எடுத்துப் பிடித்துக்கொண்டாள். இருவருமாகச் சுருட்டி முடித்தார்கள்.

இதையெல்லாம் காலனி பார்த்தது. ஒரு வாரத்துக்குள் பால் பூத்தில் பேச்சு. மெக்கானிக்கும் லெக்சரரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டிக்கடியில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அவளுடைய அப்பா யக்ஞநாராயணன் பதில் சொல்லவில்லை. தொலைபேசி இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு மகளோடு தனியாக இருக்கிறார். வீட்டுக்கு வந்து அவளிடம் ஒரே வார்த்தை சொன்னார்: இனி அந்தப் பையன் இங்கே வர வேண்டாம். முப்பத்தொன்பது வயது ஆளைப் பையன் என்றார்.

அவள் சண்டை போடவில்லை. கொஞ்ச நாள் வராமல் இருப்பது நல்லது என்று ஒரு தாளில் எழுதி, நோட்டோடு சேர்த்துக் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். சிட்டிபாபு தாளைப் படித்தான். நோட்டைப் பதினோரு தடவை படித்தான். எட்டாம் வகுப்போடு நின்றவன், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி மெதுவாகத்தான் படித்தான். அந்தக் காலனிப் பக்கம் வேலை வந்தால் தாம்பரம் சானடோரியத்திலிருந்து வேறு ஆளை அனுப்பினான்.

ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. ஆகஸ்டு முதல் வாரத்தில் யக்ஞநாராயணன் வீட்டு மோட்டார் தண்ணீர் எடுக்க மறுத்தது. குழாயின் கீழ்முனையில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துவைக்கும் வால்வு தேய்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு தடவையும் மேலிருந்து குடம் குடமாக ஊற்றிக் குழாயை நிரப்பினால்தான் ஓடும். யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கூப்பிடவில்லை. எழுபத்தோரு வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தண்ணீரை நாலு நாள் தானே ஊற்றினார். ஐந்தாம் நாள் குடை பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தார்.

கடை வாசலில் அவரைப் பார்த்ததும் சிட்டிபாபு எழுந்து நின்றான்.

"மோட்டார் தண்ணி எடுக்கலை," என்றார் அவர்.

சிட்டிபாபு சாமான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கிணற்றில் இறங்கிக் குழாயைத் தூக்கி, வால்வை மாற்றி, நிரப்பி ஓடவிட்டான். மேலே வந்தபோது கிணற்றடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் யக்ஞநாராயணன் உட்கார்ந்திருந்தார். மற்றதைக் காட்டினார்.

"அன்னிக்கு டாங்க் மேல ஏறி என்ன பண்ணினேன்னு எனக்கும் சொல்லு."

சிட்டிபாபு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து சொன்னான். கிணற்றுக்குள் இருந்து தென்னையைப் பார்த்ததிலிருந்து தொடங்கினான். முதலில் தயங்கித் தயங்கி வந்த பேச்சு, டியூபில் தண்ணீர் பொரிந்த இடம் வந்ததும் அதன் பாட்டில் ஓடியது. பெரியவர் நடுநடுவே மறித்தார். டியூபின் உள்விட்டம் என்ன, தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றியிருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்குமோ என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் சிட்டிபாபு தெரியாது சார் என்றான். மேடத்தைக் கேட்டால் தெரியும் என்றான்.

யக்ஞநாராயணன் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

"ஜன்னல்லேர்ந்து பாத்துண்டிருந்தேன் அன்னிக்கு," என்றார். "அவ அம்மா போன பிறகு அவளுக்கு எதுலயும் குறை வைக்கலைன்னு நினைச்சிண்டிருந்தேன். வாளியைப் பிடிச்சுண்டு சிரிச்சா பாரு, அந்தச் சிரிப்பு இந்த வீட்டுல கேட்டதே இல்லை. பயந்துட்டேன். அதான் உன்னை வராதேன்னேன்."

சிட்டிபாபு தரையைப் பார்த்தான்.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்த அபிதகுஜாம்பாள், கிணற்றடியில் இரண்டு தலைகள் தென்னையைப் பார்த்து நிமிர்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா எழுந்து, சந்தியாவந்தனத்துக்கு நேரமாகிவிட்டதென்று உள்ளே போனார். உண்மையில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் வந்து அவன் எதிரில் நின்றாள்.

"ரெண்டு மாசமா யோசிச்சேன்," என்றாள். "நீங்க கேக்க மாட்டீங்க. அதனால நான் கேக்கறேன். நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

சிட்டிபாபுவுக்குக் கிணற்றில் கயிறு வழுக்கியது போல இருந்தது. எத்தனையோ சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தன் படிப்பு, தன் ஜாதி, கையில் போகாத கிரீஸ் கறை.

"நான் எட்டாங்கிளாஸ் மேடம்," என்றான்.

"தெரியும். இத்தனை வருஷத்துல என்னை யோசிக்க வச்ச ஒரே கேள்வி எட்டாங்கிளாஸ்லேர்ந்துதான் வந்தது." கொஞ்சம் பொறுத்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மேடம்னு கூப்பிடறதை மட்டும் விட்டுடணும்."

அவன் அண்ணாந்து தென்னையைப் பார்த்தான். பிறகு, "சரி," என்றான்.

எல்லாம் அதோடு நேராகிவிடவில்லை. யக்ஞநாராயணன் உள்ளேயிருந்து கேட்டிருந்தும், நாலு நாள் மகளோடு பேசவில்லை. கும்பகோணத்திலிருந்து உறவினர்கள் கடிதம் எழுதினார்கள். சிட்டிபாபுவின் அண்ணன்களில் மூத்தவர் முனிரத்தினம், அந்த வீட்டில் நம்மைச் சொம்பில் தண்ணீர் குடிக்க விடுவார்களா என்று கேட்டார். பச்சையம்மா மட்டும் ஒரு சனிக்கிழமை தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், காலனிக்கு நடந்து போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை. அன்றைக்குத் தம்பிக்குச் சோறு போடும்போது, "நல்லா பாத்துக்க அத. மெலிஞ்சு கீது," என்றாள்.

நவம்பரில் மழை பெய்தது. ஜனவரியில் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். அதற்கு ஒரு மாதம் முன்பே இரண்டு பேர் பெயரையும் போட்டு அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று அதில் இருந்தது. போகிறவர் வருகிறவர் படித்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். பச்சையம்மாவும், அபிதகுஜாம்பாளோடு கல்லூரியில் வேலை பார்க்கும் கிருபாவும் தயாராக நின்றார்கள். மூன்றாவதாக அந்தக் கல்லூரியின் அலுவலக ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பேனாவை எடுக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது. யக்ஞநாராயணன் கண்ணாடியைச் சரிசெய்து, முகவரியோடு தன் பெயரை முழுசாக எழுதினார். அபிதகுஜாம்பாள் அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிட்டிபாபு தன் கைக்குட்டையைக் கொடுத்தான். அதிலும் லேசாக கிரீஸ் வாசனை இருந்தது.

ஸ்டேஷன் எதிரே இருந்த ஓட்டலில் எல்லோரும் சாப்பிட்டார்கள். பச்சையம்மா கூட்டு நன்றாக இல்லை என்றாள். பெரியவரும் ஆமாம் என்றார். அந்த ஒன்றில் தொடங்கி, ரசம் வைப்பது வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள்.

கடைக்கும் காலனிக்கும் நடுவில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தார்கள். மறுநாள் காலை எட்டேகாலுக்கு அவளுக்கு வகுப்பு. அவனுக்குச் செம்பாக்கத்தில் ஒரு வேலை. வாசலைப் பூட்டிக்கொண்டு ஒன்றாகவே கிளம்பினார்கள். ஏறி மிதித்தால் இரண்டு நிமிஷத்தில் போயிருக்கலாம், அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்தான்.